மெதுவான கார் ஜெயிக்கும் ரேஸ்: கையைக் கடிக்காமல் டிராக் ரேஸ் ஓட்டுவது எப்படி?

அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூர். சனிக்கிழமை இரவு. நேராக நீளும் ஓடுதளத்தின் தொடக்கக் கோட்டில் இரண்டு கார்கள் நிற்கின்றன. இடது பக்கம் நிற்பது, வாரநாட்களில் ஆபீஸுக்கும் மளிகைக் கடைக்கும் போய்வரும் பழைய குடும்பக் கார். பெயின்ட் மங்கிக் கிடக்கிறது. ஒரு கதவு மட்டும் வேறு நிறம். காயலாங்கடையில் வாங்கி மாட்டியது. வலது பக்கம் நிற்பது பந்தயத்துக்கென்றே செய்த கார். பானெட்டைத் தாண்டி எஞ்சின் எட்டிப் பார்க்கிறது. அது உறுமினால் காலரியில் உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சு அதிர்கிறது.

முதலில் பழைய காருக்குப் பச்சை விளக்கு விழுகிறது. அது கிளம்பி நான்கு விநாடி ஓடிய பிறகுதான் வலது பக்கத்துக் காருக்குப் பச்சை. அது புயலாகத் துரத்துகிறது. எல்லைக் கோட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சேர்கின்றன. பலகையில் விளக்கு எரிகிறது. ஜெயித்தது பழைய குடும்பக் கார்!

"அட, இதென்ன கூத்து? மெதுவா ஓடுற வண்டிக்கு முன்கூட்டியே பச்சை காட்டுறாங்க, அதுவும் ஜெயிக்குது. இதுக்குப் பேரு ரேஸா?" என்று புதிதாகப் பார்க்க வந்தவருக்குத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் அமெச்சூர் டிராக் ரேஸ் இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு இந்தக் கூத்துதான் முக்கியக் காரணம். இதற்கு ‘பிராக்கெட் ரேஸிங்’ என்று பெயர். சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர், சொந்தக் கையால் பழுதுபார்த்த காரை வைத்துக்கொண்டு, பணக்காரரின் காரைத் தோற்கடிக்க முடிகிற பந்தயம் இது. அது எப்படி முடிகிறது?

டிராக் ரேஸ் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும், வளைந்து வளைந்து போகும் பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவது என்று நினைக்க வேண்டாம். டிராக் ரேஸில் வளைவே கிடையாது. இரண்டு வண்டிகள், ஒரு நேர்கோடு. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் போட்டி. பல ஊர்களில் அதிலும் பாதி, 201 மீட்டர்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றிவிட்டு, எஞ்சினை முடுக்கி, ஊர்ச் சாலைகளில் பந்தயம் விட்டார்கள். விபத்துகள் நடந்தன, போலீஸ் துரத்தியது. இந்தச் சண்டையைச் சாலையிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். 1950இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில், விமான நிலையத்தில் பயன்படாமல் கிடந்த ஓடுபாதை ஒன்றில், கட்டணம் வாங்கிக்கொண்டு பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, ‘ஹாட் ராட்’ இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். என்.எச்.ஆர்.ஏ. என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அமைப்பு அதுதான். தொடங்கியபோது அதன் நோக்கம் ஒன்றுதான்: பசங்களைச் சாலையிலிருந்து ஓடுதளத்துக்குக் கூட்டிவருவது.

இன்று டி.வி.யில் நாம் பார்க்கும் டிராக் ரேஸ் வேறு உலகம். அதன் உச்சப் பிரிவான ‘டாப் ஃப்யூயல்’ காரின் எஞ்சின் சுமார் 11,000 குதிரைத்திறன் கொண்டது. பெட்ரோல் இல்லை, பெரும்பகுதி நைட்ரோமீத்தேன் ஊற்றி ஓட்டுகிறார்கள். 305 மீட்டரை நான்கு விநாடிக்குள் கடந்து, மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்பக் கட்ட வேண்டும். நான்கு விநாடி ஓட்டத்துக்கு முழு எஞ்சின் வேலை! ஸ்பான்சர் இல்லாமல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

"கொஞ்சம் பணம் போட்டா கொஞ்சம் வேகம் வரும், நிறையப் போட்டா நிறைய வரும்" என்றுதான் எல்லோரும் நினைப்போம். கணக்கு அப்படி இல்லை. இங்கேதான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

கால் மைலைக் கடக்க ஆகும் நேரத்தைத் தோராயமாகச் சொல்ல, ரேஸ் உலகில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. காரின் எடையை அதன் குதிரைத்திறனால் வகுக்க வேண்டும். கிடைப்பதன் கனமூலத்தைப் பொறுத்து நேரம் மாறும். கனமூலம் என்றதும் பள்ளிக்கூடக் கணக்குப் பாடம் ஞாபகம் வந்து பயப்பட வேண்டாம். சாரம் இதுதான்: நேரத்தைப் பாதியாக்க வேண்டுமானால், எஞ்சின் சக்தி இரண்டு மடங்கானால் போதாது. எட்டு மடங்காக வேண்டும்.

சுமார் 1,540 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப்படி தோராயமாக இவ்வளவு சக்தி தேவைப்படும்:

14 விநாடியில் கடக்க: 245 குதிரைத்திறன்
12 விநாடியில் கடக்க: 390 குதிரைத்திறன்
10 விநாடியில் கடக்க: 670 குதிரைத்திறன்
8 விநாடியில் கடக்க: 1,310 குதிரைத்திறன்

ஒவ்வொரு படியிலும் குறைவது அதே இரண்டு விநாடிதான். ஆனால் 14இலிருந்து 12க்கு வர 145 குதிரைத்திறன் கூட்டினால் போதும். 10இலிருந்து 8க்கு வர 640 கூட்ட வேண்டும்.

எஞ்சினோடு இது நிற்பதும் இல்லை. சக்தி கூடக் கூட, அடுத்து எது பலவீனமோ அது உடையும். எஞ்சினைப் பலப்படுத்தினால் கியர்பாக்ஸ் உடையும். அதை மாற்றினால் புரொபெல்லர் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். அதையும் மாற்றினால் பின் ஆக்ஸில் போகும். யானையை வாங்கியவர் அங்குசத்தோடு நிறுத்த முடியாத கதை. பிறகு தீனி, கொட்டகை, பாகன் எல்லாம் வேண்டும். எத்தனையோ வீடுகளின் பின்கட்டில் பாதி பிரித்த கார் தார்ப்பாய் மூடிக் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஆசை இல்லாமல் போகவில்லை, கையிருப்பு தீர்ந்துபோனது.

பந்தயத்தின் கேள்வியையே மாற்றினார்கள்

தொடக்கத்தில் கார்களை எடை, எஞ்சின் அளவு என்று பார்த்துப் பல பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரே மாதிரியான கார்கள் மோதுவதுதான் நியாயம் என்ற எண்ணம். ஆனால் ஒரு பிரிவுக்குள் ஜெயிக்க வேண்டுமானால் மற்றவரைவிட நாலு குதிரைத்திறன் கூட வேண்டும். அவர் செலவு செய்வார், இவர் அதற்கு மேல் செய்வார். ‘உன்னோட பாக்கெட் எவ்வளவு ஆழம்?’ என்ற போட்டியாக அது மாறியது.

பிராக்கெட் ரேஸிங் இந்தச் சுழலை உடைத்தது. 1970களில் பரவலான இந்த முறையில், "யார் கார் வேகமான கார்?" என்று யாரும் கேட்பதில்லை. "உங்க கார் எவ்வளவு நேரத்துல ஓடும்னு நீங்களே சொல்லுங்க. சொன்னபடி ஓடுதான்னு பார்ப்போம்" என்பதுதான் பந்தயம்.

விதிகள் மிக எளிமையானவை.

பயிற்சி ஓட்டங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்பதை ஓட்டுநரே கணித்து, காரின் கண்ணாடியில் எழுதி வைக்க வேண்டும். இதை ‘டயல்-இன்’ என்கிறார்கள். இரண்டு கார்களின் டயல்-இன் நேரங்களுக்கு எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு விநாடி முன்னதாக மெதுவான கார் கிளம்பலாம்.

இப்படி இருந்தால், வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டி எழுதி ஏமாற்றலாமே? முடியாது. நீங்கள் எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடினால் ‘பிரேக்-அவுட்’. அந்தச் சுற்றில் தோல்வி. எதிராளியும் அதே தவறைச் செய்தால், யார் குறைவாக மீறினாரோ அவர் ஜெயிப்பார். பச்சைக்கு முன்பே கிளம்பினால் சிவப்பு விளக்கு விழும். அதுவும் தோல்விதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பழைய குடும்பக் கார் 14.50 என்று எழுதியிருக்கிறது. பந்தயக் கார் 10.50. வித்தியாசம் 4 விநாடி. பழைய காரின் ஓட்டுநர் பச்சை விழுந்து 0.040 விநாடியில் கிளம்பி, 14.53இல் ஓடினார். சொன்னதைவிட 0.03 கூடுதல். ஆக மொத்தம் 0.070. பந்தயக் காரின் ஓட்டுநர் 0.020 விநாடியிலேயே கிளம்பிவிட்டார். ஆனால் கார் 10.57இல் ஓடியது. சொன்னதைவிட 0.07 கூடுதல். மொத்தம் 0.090. விநாடியில் 50இல் ஒரு பங்கு வித்தியாசத்தில் பழைய கார் ஜெயித்துவிட்டது. பின்னால் வந்த கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், எல்லைக் கோட்டில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கிவிட்டது.

இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்கேயாவது வருகிறதா? வரவில்லை. இரண்டே விஷயங்கள்தான்: ஓட்டுநரின் கண்ணும் காலும் எவ்வளவு கூர்மை, கார் எவ்வளவு சொன்ன சொல் தவறாதது. முதலாவதைக் காசு கொடுத்து வாங்குவது கடினம். இரண்டாவதை எளிய காரே நன்றாகச் செய்யும்.

எளிய கார் ஏன் சொன்னபடி ஓடும்?

ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமானால், மாறக்கூடிய விஷயங்கள் குறைவாக இருக்க வேண்டும். மிகையான சக்தி கொண்ட காரில் முதலில் மாறுவது டயரின் பிடி. தரை சூடானால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் வேறு மாதிரி, முன்னால் போன கார் எண்ணெய்த் துளி சிந்தியிருந்தால் இன்னொரு மாதிரி வழுக்கும். 14 விநாடி கார் தரை எப்படி இருந்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கிளம்பும். வழுக்கும் அளவுக்கு அதற்குச் சக்தியே இல்லை. அந்தப் பலவீனம்தான் இங்கே பலம்.

அடுத்தது கியர். கையால் கியர் மாற்றினால் மனிதக் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயங்காது. அதனால்தான் பிராக்கெட் ரேஸ் ஓட்டுபவர்கள் ஆட்டோமேட்டிக்கை விரும்புகிறார்கள். ஷெவர்லே கார்களில் 1950 முதல் 1973 வரை வந்த ‘பவர்கிளைடு’ என்ற கியர்பாக்ஸுக்கு முன்னோக்கி இரண்டே கியர்கள். சாலைக் காரில் அது காலாவதியாகி அரை நூற்றாண்டு ஆகிறது. ஓடுதளத்தில் இன்றும் ராஜா. காரணம், ஓர் ஓட்டத்தில் ஒரே ஒரு முறைதான் கியர் மாறும். தவறு நடக்க ஒரே ஓர் இடம்தான்.

டர்போ போன்றவற்றை அமெச்சூர்கள் யோசித்துத்தான் பொருத்துகிறார்கள். அவை நிறையச் சக்தி தரும். கூடவே வெப்பத்தையும், சரிபார்க்க வேண்டிய குழாய்களையும், சென்ஸார்களையும் கொண்டுவரும். சுற்றுக்குச் சுற்று நேரம் மாறினால் டயல்-இன் எழுதும் கை நடுங்கும்.

எரிபொருளிலும் இதே பாடம். எஞ்சினின் அழுத்த விகிதத்தை அளவோடு வைத்தால், ஊர் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலே போதும். அதை மிக உயர்த்திக் கட்டினால், ஒவ்வொரு வாரமும் விலை உயர்ந்த ரேஸ் பெட்ரோலை டின்னில் வாங்க வேண்டும். எஞ்சினைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. எரிபொருள் வாராவாரம் வரும் செலவு. பட்ஜெட் போடும்போது பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

காயலாங்கடையில் தொடங்குங்கள்

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, அமெரிக்க அமெச்சூர் ரேஸ்காரர்களுக்கு ஊர்ப்புறக் காயலாங்கடை அப்படி. பல இடங்களில் ஸ்பேனர் பெட்டியோடு உள்ளே போய், வேண்டிய பாகத்தை நாமே கழற்றிக்கொண்டு வந்து காசு கட்டலாம்.

அங்கே எதைத் தேடுகிறார்கள்? அபூர்வமானதை இல்லை, அதிகம் விற்றதை! ஷெவர்லேவின் ‘ஸ்மால் பிளாக்’ வி-8 எஞ்சின் 1955இல் வந்தது. 2011க்குள் அந்த வம்சத்து எஞ்சின்கள் 10 கோடியைத் தொட்டுவிட்டன. 10 கோடி எஞ்சின் ஓடிய நாட்டில் அதன் பிஸ்டனும் கேஸ்கெட்டும் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். 1999க்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் பிக்-அப் வண்டிகளில் வந்த 4.8, 5.3 லிட்டர் வி-8 எஞ்சின்களும் இன்று அதே காரணத்துக்காக விலைபோகின்றன. ஃபோர்டு பக்கம் போனால், 1979 முதல் 1993 வரை வந்த மஸ்டாங். எடை குறைவு, பாகங்கள் மலிவு.

எந்த வரிசையில் செலவு செய்வது? அனுபவப்பட்டவர்களின் வழி, ஏறத்தாழ இப்படிப் போகும்.

முதலில் காசே செலவழிக்காமல் எடையைக் குறையுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட், டிக்கியில் கிடக்கும் சாமான்கள். 45 கிலோ குறைத்தால் ஏறக்குறைய விநாடியில் 10இல் ஒரு பங்கு மிச்சம் என்பது இந்த உலகின் வாய்க்கணக்கு.

இரண்டாவது, இருக்கிற எஞ்சினை ஒழுங்காக ஓட வையுங்கள். புது ஸ்பார்க் பிளக், சுத்தமான ஏர் ஃபில்டர், சரியான இக்னிஷன் டைமிங், கசியாத ரேடியேட்டர். இதைச் செய்யாமல் பெரிய கார்புரேட்டர் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பூ வைப்பது போல.

மூன்றாவது, பின் டயர். சக்தியைத் தரைக்குக் கொண்டுபோவது அதுதான். கூடவே ஒரு நல்ல காற்றழுத்த மானி. டயரில் காற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பலகையில் நேரம் மாறிக் காட்டும்.

நான்காவது, டார்க் கன்வெர்ட்டரும் பின் கியர் விகிதமும். எஞ்சினைத் தொடாமலே, கார் கிளம்பும் வேகத்தை மாற்றுபவை இவை. இதற்கெல்லாம் பிறகுதான் எஞ்சின் வேலை.

இவற்றோடு இன்னொரு கருவி வேண்டும். அதன் விலை மிகக் குறைவு: ஒரு நோட்டும் பேனாவும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், டயரின் அழுத்தம், கிளம்பும்போது எஞ்சின் சூடு, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஓடிய நேரம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வெயிலில் காற்று லேசாகும், எஞ்சின் சற்றுத் திணறும். ராத்திரி குளிர்ந்ததும் அதே கார் வேகம் எடுக்கும். மதியம் எழுதிய 14.50ஐ இரவிலும் அப்படியே விட்டால் பிரேக்-அவுட் ஆகித் தோற்பீர்கள். மாற்ற வேண்டியது 14.44ஆ, 14.46ஆ என்பதை உங்கள் நோட்டு சொல்லும். எந்தக் கடையிலும் விற்காத பாகம் அது.

எதில் சிக்கனம் கூடாது?

உயிரில்! எளிமை என்பது பாதுகாப்பைக் குறைப்பது இல்லை.

என்.எச்.ஆர்.ஏ. விதிகள் காரின் நேரத்தைப் பொறுத்துப் படிப்படியாகக் கடுமையாகின்றன. கால் மைலில் 13.99 விநாடி அல்லது அதைவிட வேகமாக ஓடினால், தரச்சான்று பெற்ற ஹெல்மெட் கட்டாயம். 11.49ஐத் தொட்டால், கார் உருண்டாலும் ஆளை நசுக்காமல் காக்கும் இரும்புக் கம்பி அமைப்பும், பந்தய சீட் பெல்ட்டும் வேண்டும். 9.99 ஆகிவிட்டால் முழுக் கூண்டு, பந்தய உரிமம் எல்லாம் சேரும். அண்மைக்கால மாடல்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. பந்தய பெல்ட்டுகளுக்குக் காலாவதித் தேதியும் இருக்கிறது. இரண்டு ஆண்டு ஆனதும், கிழியாமல் புதுசு போல இருந்தாலும் மாற்றியாக வேண்டும்.

ஷாஃப்டைச் சுற்றிப் போடும் இரும்பு வளையமும் இப்படித்தான். பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஷாஃப்ட் முன்பக்கம் உடைந்து தரையில் குத்தினால் கார் தலைகுப்புறக் கவிழலாம். அதைத் தடுப்பது அந்த வளையம்தான்.

இப்போது இந்தப் படிகளையும் மேலே பார்த்த குதிரைத்திறன் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 விநாடிக்கு 390 குதிரைத்திறன். காயலாங்கடை வி-8 எஞ்சினைக் கொஞ்சம் வேலை பார்த்தால் எட்டிவிடக்கூடியது. 11.49ஐத் தாண்டவில்லை என்பதால் கம்பிக் கூண்டுச் செலவும் கட்டாயம் இல்லை. 12 விநாடியைச் சுற்றியுள்ள இந்த இடம்தான் சாமானியருக்கான எல்லை. திரில்லுக்குக் குறைவில்லை, தூக்கமும் கெடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

பணம் இங்கேயும் நுழையவில்லையா?

நுழைந்தது. பிராக்கெட் ரேஸிங்கில் பரிசுத்தொகை பெருகியதும் கருவிகளும் பெருகின. விளக்கைப் பார்த்துப் பட்டனை விட்டால், முன்பே பதிந்து வைத்த நேரம் கழித்துக் காரைத் தானாகக் கிளப்பிவிடும் மின்னணுப் பெட்டி ஒன்று வந்தது. ‘டிலே பாக்ஸ்’ என்று பெயர். 1996இல் அலபாமாவில் ‘மில்லியன் டாலர் ரேஸ்’ என்ற பெயரிலேயே பிராக்கெட் போட்டி தொடங்கியது. அந்த மட்டத்தில் ஓடுபவர்களின் கார், டிரெய்லர், மோட்டார் ஹோம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது சாமானியர் விஷயம் இல்லை.

ஆனால் ஊர் ஓடுதளங்கள் இதற்கும் வழி கண்டன. மின்னணுப் பெட்டி உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு, இல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு. வெறும் காலால் பிரேக்கை மிதித்து, காலை எடுத்துக் கிளம்புபவர்களுக்கு ‘ஃபுட் பிரேக்’ என்று இன்னொரு பிரிவு. செலவைக் கட்டுக்குள் வைப்பது ஓட்டுநரின் கையில் மட்டும் இல்லை, விதி எழுதுபவரின் கையிலும் இருக்கிறது. வாசலில் அவர்கள் ஒரு கோடு போடவில்லை என்றால், உள்ளே வருபவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் செலவழித்தே தீர்வார்கள்.

இதில் என்ன ஆபத்து காத்திருக்கிறது?

கார் மலிவாக இருந்தாலும் ஓட ஓர் இடம் வேண்டுமே. அமெரிக்காவில் ஓடுதளங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. நியூ ஜெர்ஸியின் புகழ்பெற்ற இங்லிஷ்டவுன் தளத்தில் 2018இல் டிராக் ரேஸ் நின்றது. அட்லான்டா தளம் 2021இல் மூடப்பட்டது. ஹூஸ்டன் தளமும், டென்வர் அருகே மலைச்சரிவில் இருந்த பேண்டிமியர் தளமும் 2023இல் கடைசிப் பந்தயத்தைப் பார்த்தன. ஊர் வளர்கிறது, நிலத்தின் விலை ஏறுகிறது, பக்கத்தில் குடிவந்தவர்களுக்குச் சத்தம் பொறுக்கவில்லை. ஓடுதளம் பெரும் தொழில்முறைப் பந்தயங்களால் மட்டும் பிழைப்பதில்லை. அவை வருடத்துக்கு ஓரிரு முறைதான் வரும். மற்ற வாரங்களில் நுழைவுக் கட்டணம் கட்டுவது குடும்பக் கார்க்காரர்கள்தான். அவர்களால் கட்டுப்படியாகாமல் போனால் தளமும் போகும். தளம் போனால் பசங்கள் எங்கே போவார்கள்? 1950க்கு முன்பு போன இடத்துக்கே, சாலைக்கு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சாண்டா ஆனாவைப் போலவே சென்னைக்கும் ஒரு விமான ஓடுபாதைக் கதை உண்டு. உலகப் போர்க் கால ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. அந்தக் கால மெட்ராஸ்காரர்கள் இன்றும் ‘சோழவரம் ரேஸ்’ என்று கண்கள் விரியச் சொல்வார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் ரேஸ் போட்டிகள் அங்கே நடந்துவருகின்றன.

இன்னொரு பக்கம், சென்னையின் சாலைகளில் ராத்திரி நேர பைக் ரேஸ், போலீஸ் பிடித்த பைக்குகள், பலியான இளைஞர்கள் என்று செய்திகள் ஓயவில்லை. அமெரிக்கா 1950இல் நின்ற அதே முச்சந்தி இது. "ரேஸ் விடாதே" என்று மட்டும் சொன்னால் கேட்கிற வயது இல்லை அது. "இங்கே விடு" என்று காட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு, அப்பாவின் பழைய பைக்கோடு வருகிற பையனும் ஜெயிக்கலாம் என்ற விதியும் வேண்டும். பிராக்கெட் முறைக்குத் தேவையானது விளக்குக் கம்பம், நேரம் அளக்கும் கருவி, நேரான பாதை, ஆம்புலன்ஸ். கோடிகளில் விலைபோகும் வண்டிகள் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, வீட்டில் நிற்கும் வண்டியைப் பிரித்து மேய வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரேஸுக்கான மாற்றங்கள், ரேஸுக்கு மட்டுமே ஓடும் வண்டியில், அனுமதி பெற்ற தடத்தில்தான்.

மீண்டும் அந்தச் சனிக்கிழமை இரவு. ஜெயித்த பழைய கார் மெதுவாகத் திரும்பி வருகிறது. நேரம் அச்சிட்ட சீட்டை ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்குகிறார். அடுத்த சுற்றுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பானெட்டைத் திறந்து எஞ்சினை ஆறவிடுகிறார், டயரில் காற்றுப் பார்க்கிறார், நோட்டைத் திறந்து எழுதுகிறார். காற்று குளிர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணாடியில் இருக்கும் 14.50ஐத் துணியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, 14.47 என்று எழுதுகிறார்.

பக்கத்தில் அந்தப் பெரிய எஞ்சின் கார்க்காரர் தன் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.